தொடக்கூடாத களிமண்

காவலர் இரத்தினவேலைப் பற்றி இன்னொரு முறைப்பாடு வந்தால், அவரை வெளியே கார் பார்க்கிங் காவலுக்கு அனுப்பிவிடுவோம் என்று கலைக்கூட அலுவலகம் சொல்லிவிட்டது. அதுவும் ரொறொன்ரோவின் மாசிக் குளிரில். அதை அவரிடம் சொல்லும் வேலை, காவலர்களின் மேற்பார்வையாளர் பேர்ணடெற்றின் தலையில் விழுந்தது.

அவளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. இருவரும் மல்வேர்னில் ஒரே பஸ்ஸில் ஏறுகிறவர்கள். ஆனால் மனுசன் செய்கிற வேலை அப்படி.

கலைக்கூடத்தில் பிரித்தானிய இளம் கலைஞர்களின் சிற்பக் கண்காட்சி. கடைசி அறையில் ரோசி என்ற லண்டன் பெண்ணின் சிற்பம்: ஆளுயரத்துக்கு ஈரக் களிமண் குவியல். அவ்வளவுதான். அங்கே நிற்கும் இரத்தினவேல், வருகிறவர்களையெல்லாம் "டோன்ட் டச்" என்று அதட்டுகிறாராம். தங்கள்பாட்டில் தள்ளிப் போகிறவர்களைக்கூட விடுகிறாரில்லையாம்.

பேர்ணடெற் வாசலில் நின்று கவனித்தாள்.

ஒரு சோடி களிமண்ணைத் திரும்பியும் பாராமல் நடந்தது. "டோன்ட் டச்," என்றார் இரத்தினவேல். இருவரும் நின்றார்கள். அப்போதுதான் களிமண்ணைப் பார்த்தார்கள். அவரோ முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். உடனே இருவரும் ஆளுக்கொரு கையை அதில் பதித்துவிட்டு, கள்ளச் சிரிப்போடு நழுவினார்கள்.

வேலி பயிரை மேய்வதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். வேலியே மாட்டுக்குப் படலை திறந்துவிடுவதை இன்றுதான் பார்க்கிறாள். கிட்டப் போனால், சிற்பம் முழுக்கக் கை அடையாளங்கள்.

"என்ன அண்ணை உது? அதட்டவும் செய்யிறியள், பிறகு யன்னலுக்கால பனியும் பாக்கிறியள். இப்பிடியெண்டால் நான் உங்களை எப்பிடிக் காப்பாத்திறது?"

"தொட்டால்தான் தங்கச்சி உந்தச் சிற்பம் முடியும். சுவரில சின்னதா எழுதியும் இருக்கு."

"அப்ப ஏன் தொட வேண்டாமெண்டுறியள்?"

இரத்தினவேல் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் நாள் நான் 'தொடுங்கோ, தொடுங்கோ' எண்டு கும்பிடாத குறையாக் கேட்டன். ஒருத்தரும் கிட்ட வரேல்லை. உதைச் செய்த பிள்ளை அந்த மூலையில நிண்டு பாத்துப் பாத்துக் கண்ணைத் துடைச்சுது. எனக்குப் பொறுக்கேல்லை. வேண்டாமெண்டு சொன்னால்தானே சனத்துக்குக் கை துருதுருக்கும்."

அப்போதுதான் பேர்ணடெற் மூலையைப் பார்த்தாள். சேறு காய்ந்த சப்பாத்தோடு ஒரு பெண் நின்று, புதிதாக விழுந்த இரண்டு கை அடையாளங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு பேர்ணடெற்றுக்கும் தொற்றிக்கொண்டது.

"இனிமேல் அதட்டாமல், சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ அண்ணை. முறைப்பாடு வராது. இப்ப போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ," என்று அவரை அனுப்பிவிட்டு, அவருடைய இடத்தில் தானே நின்றாள்.

ஒரு குடும்பம் பேசிக்கொண்டே அறையைக் கடந்தது.

"டோன்ட் டச்," என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, பேர்ணடெற் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.