நுரைக்காத சோப்பு

அண்ணனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அம்மா சண்முகவள்ளி கை கழுவ வேண்டும் என்றார்.

அதை மட்டும் எங்கள் வீட்டில் யாருமே யோசித்திருக்கவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க சேவுகம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அவர்களுக்காக அம்மா காலையிலேயே கேன் தண்ணீர் வாங்கிப் பித்தளைக் குடங்களில் ஊற்றி வைத்துவிட்டாள். காலிக் கேன்கள் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் கிடந்தன. குடிக்கக் கொடுத்தது, காபி போட்டது, சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தது எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

எங்கள் ஊர் எரியோட்டுக்குப் பக்கம். மழை பெய்யாமல் இல்லை. பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்குவதற்குள் பாதி ஓடிவிடுகிறது, மீதியை வெயில் குடித்துவிடுகிறது. போர் போட்டால் ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதில் பருப்பு வேகாது.

அண்ணன் விக்னேஷ்குமாருக்கு இதற்கு முன்பு வந்த இரண்டு இடத்தாரும் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள். பருப்பு வேகாத ஊருக்கா பெண்ணைக் கொடுப்பது என்று தரகரிடம் கேட்டார்களாம். பாவம், அவன் தன் மூக்குதான் காரணம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த இடம் அம்மா பிடிவாதமாகப் பிடித்தது. பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். தண்ணீரே இப்படி என்றால் பெண் எப்படி இருப்பாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் குடத்தில் மொண்டு வருவதற்குள் சண்முகவள்ளி அம்மா கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டார். சோப்பை எடுத்துத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

நுரைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு எங்கே நுரைக்கும்? வெள்ளை வெள்ளையாகத் திரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அண்ணன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆயிற்று. இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் கையை நன்றாக அலசினார். விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டே, உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்தா, இங்கிட்டு கேன் வண்டி தெனமும் வருமா? எங்க ஊருக்கு வாரத்துல ரெண்டு நாளுதான் வருது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தினமும் வரும் அத்தை, ஞாயிற்றுக்கிழமைகூட வரும் என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அம்மா சும்மா இருக்கக் கூடாதா? அவர் உட்கார்ந்ததும், எங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று வாய் கூசாமல் கேட்டாள்.

"எங்க ஊருத் தண்ணி மாதிரியே இருக்கு" என்றார் அத்தை.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.