கன்னியம்மாவுக்கு ஒரு ஆட்டம்

இன்னும் இரண்டு பேர்தான் மிச்சம்.

அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கண் எரிந்தது. எரிந்தால் எரியட்டும்.

திரையில் ஒரு பழைய மார்க்கெட். கவிழ்ந்து கிடக்கும் முட்டைக்கோஸ் மூட்டைகள். புகை. எரிந்து முடிந்த ஒரு மீன்பாடி வண்டி, நசுங்கிப்போன ஒரு கல்யாணக் கார். இரண்டையும் முடித்துவிட்டு, அவளுடைய தண்ணி லாரி சுவரோரமாக ஒண்டி நின்றது.

ஓட்டுநர் இருக்கையில் கன்னியம்மா. ஐம்பது வயது. நைலக்ஸ் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. வாய் நிறைய வெற்றிலை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், இந்த கேம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், அவளே வரைந்த முகம் அது.

'முட்டுச்சந்து' வீடியோ கேமில் வண்டியோடு வண்டி மோதிச் சாகிற கூட்டத்தில் முதல் பாகத்திலிருந்து கன்னியம்மா இருக்கிறாள். ஆறு பாகம் தாக்குப்பிடித்துவிட்டாள். ஏழாவதில் வேண்டாம் என்கிறார்கள். ரொம்ப மெதுவாகப் போகிறாளாம். ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அவளை எடுப்பதில்லையாம்.

அவள் இடத்துக்கு வேறொருத்தி தயார். தோல் உடுப்பு, சிவப்பு பைக், இருபத்திரண்டு வயது. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தலைமுடி மட்டும் பறந்துகொண்டே இருக்கும்.

அதைப் பார்த்த அன்றைக்கே கன்னியம்மாவை வரைந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. யாரை நீக்குவதானாலும் சும்மா நீக்கிவிட மாட்டார்கள். உருவாக்கியவரே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு, மற்ற நாலு பேரோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். கடைசியாக நிற்கிற வண்டி அதுவாக இருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் அழிக்கிற வேலையும் அவர் தலையில்தான்.

இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. வருவார்கள், சிரிப்பார்கள், தோற்பார்கள், சமோசா சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் சமோசாவைத் தொடவில்லை.

மூலையிலிருந்து ஷேர் ஆட்டோ திரும்பியது. ராக்கெட் ஒன்று லாரியின் முதுகில் வெடித்தது. அடுத்தது வருவதற்குள் நகர்ந்தாக வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர். லாரி நகர்ந்தால்தானே!

கன்னியம்மாவிடம் வேறு ஆயுதமே கிடையாது. அந்தத் தண்ணீரைப் பீய்ச்சித்தான் எதிரியைத் தள்ள முடியும். அதனால் அவளை எடுக்கிற எல்லோரும் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிப்பார்கள். கடைசியில் நிறைந்த தொட்டியோடு செத்துப்போவார்கள்.

அவள் வால்வை முழுசாகத் திறந்துவிட்டாள்.

பன்னிரண்டாயிரம் லிட்டர். மார்க்கெட் முழுக்க வெள்ளம். பின்னால் யாரோ 'ஐயையோ' என்றார்கள்.

தொட்டி காலி. கையில் ஆயுதம் இல்லை. ஆனால் லாரி துள்ளிக்கொண்டு கிளம்பியது. பதினாறு வருஷத்தில் கன்னியம்மா அவ்வளவு வேகமாகப் போய் அந்த அறையில் ஒருவரும் பார்த்ததில்லை.

துரத்தி வந்த ஷேர் ஆட்டோ ஈரத்தில் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் போய் அப்பியது. அது முடிந்தது.

இனி இர்ஃபான் மட்டும்.

பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். பையன் எமகாதகன். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் ஒருவரிடமும் தோற்கவில்லை. அவன் எடுத்திருந்தது புல்டோசர்.

அவள் பின்னால் போய் ஒரு முட்டு முட்டிவிட்டு ஓடினாள். அது திரும்புவதற்குள் மறுபக்கம் வந்து இன்னொரு முட்டு. மறுபடி ஓட்டம். கட்டைவிரல் மரத்துப்போனது. ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு வண்டியின் உயிர்க்கோடும் தேய்ந்துகொண்டே வந்தது.

இர்ஃபானின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

இன்னும் ஒரே ஒரு இடி. அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அதே கணக்குதான் என்று அவளுக்கும் தெரியும்.

'வாடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

புல்டோசர் முன்தகட்டைத் தூக்கியது.

லாரி சுக்குநூறாகிப்போனது.

அவளுக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டீம் தலைவர் பிரிட்டோ எழுந்துபோய் வெள்ளைப் பலகையின் முன் நின்றார். ஏழாம் பாகத்துப் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. நல்ல மனுஷர்தான். அழிப்பானை எடுத்தவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சு பேச்சுதான். அவள் தன் கணினிக்கு நகர்ந்தாள். ஃபைலைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கவா என்று கேட்டது.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்தத் தண்ணிய மொத்தமா எந்தப் பட்டன்ல தொறந்து வுட்டீங்க?"

திரும்பினாள். இர்ஃபான் அவளைப் பார்க்கவில்லை, தன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் புதிய ஆட்டம் தொடங்கியிருந்தது. புல்டோசரைக் காணோம். சுவரோரமாக ஒரு தண்ணி லாரி உறுமிக்கொண்டு நின்றது.

அவனுக்கு அந்தப் பக்கம், ஷேர் ஆட்டோ ஓட்டிய பெண்ணும் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரையிலும் தண்ணி லாரி.

பிரிட்டோ அழிப்பானோடு அப்படியே நின்றார்.

அவள் 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள். நாற்காலியை இர்ஃபான் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.