ஸ்டாப்புக்கு ஸ்டாப்

"நீ நடக்க வந்தியா, பின்ன வந்தியா?"

நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்த மனைவியைப் பார்த்து டிரைவர் கத்தினார். ரிட்டயர் ஆனபிறகும் அவர் தொண்டை மட்டும் டியூட்டியில்தான் இருந்தது.

"ஒரே ஒரு வரிசைங்க. விட்டா கணக்கு மறந்துடும்."

அதற்குள் அவள் குரோஷா ஊசியில் நூலை மாட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஆயுசு பூரா டவுன் பஸ் ஓட்டினவன் நான். அது கூட இத்தனை இடத்துல நிக்கலடி!"

"நின்னுக்கிட்டே திட்டினா கால் வலிக்கும். உட்கார்ந்து திட்டுங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். வேறென்ன செய்ய? கட்டிக்கொண்டாயிற்றே.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதிலிருந்து இதே கூத்துதான். ஒரு நாள் தபாலாபீஸ் ரோடு, ஒரு நாள் பாலத்துப் பக்கம் என்று ஊரைச் சுற்றக் கிளம்புவார்கள். எந்தப் பக்கம் போனாலும் பெஞ்சைக் கண்டால் அம்மணிக்குக் கை அரிக்கும். பெஞ்ச் இல்லையா, கடை வாசல் படி போதும்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. விரல் போகிற வேகத்தைப் பார்த்து நடக்கிறவர்களே நின்று, "எவ்வளவு அழகா இருக்கு!" என்பார்கள். அப்போது மட்டும் டிரைவர் மீசையைத் தடவிக்கொள்வார். அவர்கள் நகர்ந்ததும் மறுபடி ஆரம்பம்.

"டி.வி.க்கு உறை, டெலிபோனுக்கு உறை, தண்ணி ஜாடிக்கு உறை. இந்த வீட்ல இன்னும் உறை போடாதது நான் ஒருத்தன்தான்!"

ஊரிலிருந்து மச்சினி வந்திருந்தாள். அவளிடமும் ஒரு பாட்டம் அழுதார்.

"நீயே நியாயம் சொல்லும்மா. இவளால என் நடையே கெட்டுப்போச்சு."

"எங்க அக்காவாச்சே மாமா, அப்படித்தான் இருப்பா" என்று அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் டிரைவர் ஒரு காரியம் செய்தார். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து நூல் பையை எடுத்து அலமாரிக்கு மேலே, பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அவள் வீடு முழுக்கத் தேடினாள்.

"கிடைச்சா பாத்துக்கலாம், கிளம்பு" என்றார் ஒன்றும் தெரியாதவர் போல.

இன்றைக்காவது ஒரே மூச்சில் நடந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். எங்கே? தெருமுனை தாண்டியதும் அவள் செருப்புக்குள் கல் புகுந்துகொண்டது. மேட்டுச் சாலையில் ஏறும்போது துணிக்கடைக் கண்ணாடியில் ஒரு புடவை அவளைப் பிடித்து நிறுத்தியது. பாலத்தருகே, "கால் மரத்துப்போச்சுங்க" என்று கட்டைச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. முகத்தில் வழிந்த வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீடு வரை திட்டித் தீர்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம். டிப்போ ஆளுங்களோட நான் நடந்துக்கறேன். பாலத்துலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் ஒருத்தனும் எங்கேயும் நிக்க மாட்டான்."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, வேணாங்க! இனிமே நூலையே தொட மாட்டேன். நானும் வர்றேன்."

"நீ வந்தா அவங்களையும் வரிசையா உட்கார வச்சிடுவே. உனக்கு ஊசிதான் லாயக்கு. வீட்லயே இரு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சோபாவில் இருந்த மச்சினி எழுந்து வந்தாள். சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மாமா, கொஞ்சம் இப்படி வாங்க. சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கா. போனா போகுது, இனிமே என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது."

"என்னவாம்?"

"தினமும் விடியும்போது நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருப்பீங்க. அதுக்குள்ள அக்கா தனியா நடந்து முடிச்சிட்டு வந்துடறா. அது தெரியுமா உங்களுக்கு?"

"யாரு, இவளா? சும்மா கதை விடாதே!"

"இன்னைக்கு நானும் கூடப் போனேன் மாமா. அதே பாலம், அதே ஸ்டேஷன். அம்மாடி, என்ன நடை! எனக்கு நாக்கு தள்ளிப்போச்சு. கொஞ்சம் உட்காரலாம்க்கான்னு கெஞ்சினேன். 'நடக்க வந்துட்டு என்னடி உட்கார்றது'ன்னு என்னைத் திட்டறா!"

டிரைவர் அவளையே பார்த்தார்.

"அப்ப என்கூட வரும்போது மட்டும் ஏன்..."

"மூச்சு வாங்கினா உடனே உட்காரணும், இல்லேன்னா நெஞ்சுக்கு ஆபத்துன்னு டாக்டர் உங்ககிட்டதானே சொன்னாரு? 'நான் என்ன கிழவனா, ஒருத்தர் சொல்லி உட்கார'ன்னு அவர்கிட்டயே சண்டைக்குப் போனீங்களாம்."

டிரைவர் துண்டை எடுத்து மறுபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே அக்கா முகம் கழுவும் சத்தம் கேட்டது. மச்சினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா உங்களோட வர்றது நடக்கறதுக்கு இல்ல மாமா. உங்களை உட்கார வைக்கறதுக்கு!"