பன்னுவுக்குப் போட்ட வேலி

“இன்னாம்மா பிரியா, நாய்க்குக் கரண்டு வெக்கிறியாமே? எப்டித்தான் மன்சு வருதோ?”

பக்கத்து வீட்டு முனியம்மா கேட்டதற்குக் கிருஷ்ணப்பிரியா தலை நிமிரவில்லை. வீட்டைச் சுற்றி மண்ணைக் கீறி எலக்ட்ரீஷியன் ஆசிக் ஒயரைப் புதைத்துக்கொண்டே போக, அவள் பின்னாலேயே மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தாள்.

“கரண்டு இல்லக்கா,” என்றான் ஆசிக். “நாய் ஒயர்கிட்ட வந்தா, கழுத்துல கீற பட்டை ‘பீப்’னு கத்தும். அதையும் மீறி வந்தாத்தான் சுரீர்னும். ரெண்டு தபா பட்டா, அப்பால சத்தத்துக்கே நின்னுக்கும்.”

“அதத்தான் கேக்கறேன். வாயில்லா ஜீவனுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?”

கிருஷ்ணப்பிரியா அடுத்த அடிக்கு நகர்ந்தாள். மண்ணை மிதித்து இறுக்கினாள்.

திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டியாகிவிட்டது. காம்பவுண்டு சுவர்தான் இன்னும் எழும்பவில்லை. பன்னுவைக் கட்டிப் போட்டால் தெருவே கூடும்படி ஊளையிடும். அவிழ்த்துவிட்டால் தண்ணி லாரி பின்னாலேயே ஓடும். பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

“நெமிலிச்சேரியில ஆரி ஒர்க் கிளாஸ் எடுக்கறாங்க மாமா. பாப்பா ஸ்கூல்ல இருக்கற நேரம்தான்.”

அவள் கேட்கும்போதெல்லாம் கணவன் கார்த்திகேசன் ஒரே பதில் வைத்திருந்தான்.

“போயேன், நானா வேணாங்கறேன்? நாயை யாரு பாத்துப்பா? அதுக்கு ஒரு வழி சொல்லு.”

வழியைப் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். பாப்பா காதுகுத்துக்கு அண்ணன் வைத்த பணத்தில் இந்த ஒயரையும் பட்டையையும் வரவழைத்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் கார்த்திகேசன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

“ஒரு உசுரு கழுத்துல பட்டையக் கட்டி, ‘இதைத் தாண்டாதே’ன்னு மெரட்டறதா? பாவம்டி. திருப்பி அனுப்பிடு. திருடனுக்குப் பயந்துதான் வாசல்ல கேமரா போட்டிருக்கேன். ஆள் அசைஞ்சாலே என் போன்ல காட்டுது. அது போதாதா?”

“ஒரு வாரம் பாக்கலாம் மாமா.”

குரல் என்னவோ மெதுவாகத்தான் வந்தது. பெட்டி திரும்பிப் போகவில்லை.

ஒயரை மூடி முடித்ததும் ஆசிக் பட்டையை நீட்டினான். அவள் அதைப் பன்னுவுக்குக் கட்டவில்லை. தன் மணிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேரே ஒயரை நோக்கி நடந்தாள்.

“அக்கா, வேணாம்.”

பீப். அடுத்த அடியில் சுரீர். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். தாண்டியதும் நின்றுவிட்டது.

“பொறுக்கலாம்,” என்றாள். அதற்கப்புறம்தான் பன்னுவைக் கூப்பிட்டாள்.

ஒயர் போன தடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகள் நட்டிருந்தார்கள், நாய்க்கு எல்லை தெரிய. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், “இன்னா, மனையப் பிரிச்சு விக்கிறீங்களா?” என்று நின்று கேட்டார்கள். கூச்சத்தோடு சிரித்துவிட்டு, பன்னுவைக் கொடி வரைக்கும் நடத்திப் போவாள். சத்தம் வந்ததும் பின்னால் இழுப்பாள். ஒரு பிஸ்கட். மறுபடியும் கொடி. மறுபடியும் பிஸ்கட்.

அந்த வாரக் கடைசியில் தண்ணி லாரி வந்தது. பன்னு பாய்ந்து ஓடி, கொடிகிட்டே போய், சத்தம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

திங்கட்கிழமை பாப்பாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, ஊசியும் நூலும் வளையச் சட்டமும் வைத்த பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பன்னு கொடி வரைக்கும் கூடவே வந்தது.

பீப். நின்றுகொண்டது.

கிருஷ்ணப்பிரியா தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பாள். பைக்குள் போன் அடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கார்த்திகேசன்.

“எங்கடி கெளம்பிட்ட? கேமராவுல பாத்தேன்.”

“கிளாஸுக்கு மாமா. பன்னு தாண்டாது. பழகிடுச்சு.”

“நாய் கெடக்குது, நாய். உன்னை யாரு வாசலைத் தாண்டச் சொன்னா? மொதல்ல உள்ள போ.”

துணி உலர்த்திக்கொண்டிருந்த முனியம்மா எட்டிப் பார்த்தாள். “போன்ல யாரும்மா, வூட்டுக்காரா?”

“ஆமாங்க்கா.” கிருஷ்ணப்பிரியா பேச்சைத் துண்டித்துப் போனைப் பையில் போட்டாள். ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். கொடிக்கு அந்தப் பக்கம் பன்னு உட்கார்ந்திருந்தது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. கழுத்துப் பட்டை அதற்குத்தான்.

அவள் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

தெருமுனை தாண்டியதும் நின்றுவிட்டது.