பக்கத்து இருக்கை

பழைய கார்களை ஓட்டிப் பார்த்துப் பத்திரிகையில் மதிப்புரை எழுதுவது அவர் தொழில். ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவர், ஒருவழியாகத் தனக்கே ஒன்று வாங்கக் கிளம்பினார். விற்பனைக் கூடத்தில் பெரிய பிரிட்டிஷ் செடான்கள் மூன்று நின்றன. பெயர் ஒன்றுதான், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் புதிய மாடல். மனைவி வழக்கம்போலப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

முதல் கார் கிளம்பியதும், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்தது.

"மோட்டார் கோளாறு. அடுத்த மாடல்ல சரிபண்ணிட்டாங்க" என்றார்.

அடுத்த மாடலிலும் நகர்ந்தது.

"இது வயரிங். கடைசி மாடல்ல எல்லாமே புதுசு."

கடைசி மாடலில் இருக்கை பின்னால் நகர்ந்து, வசதியாகச் சாய்ந்து, முதுகுக்குச் சூடும் போட்டுக்கொண்டது.

"ஏங்க, அப்பாவுக்குக் கால் நீளம்" என்றாள் மனைவி.

அவள் அப்பா போன வருஷம் காலமானவர். "உங்க டப்பாவுல மனுஷன் ஏறுவானா மாப்பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டே கடைசிவரை மருமகன் காரில் ஏறாதவர். அந்தக் குறை இவர் மனதில் அப்படியே இருந்தது.

"இது பிடிச்சிருக்கு போல" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார். வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினார். மாமனாருக்கு வேகம் ஆகாது. வாசலில் நிறுத்தி, சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"வீடு வந்தாச்சு, மாமா."

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கனத்த ஆள் ஒருவர் இறங்கினாற்போல, காரின் அந்தப் பக்கம் மெல்ல மேலெழுந்தது.