வாழைத்தோட்டத்து வகுப்பு

“வந்தவன் ஆரெண்டு சொல்லிப்போட்டு உன்ரை உடுப்புப் பெட்டியைக் கட்டு!”

செல்வநாயகி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பொழுது இப்போதுதான் விடிந்திருந்தது. எதிரே மருமகள் உதயகலா, வெள்ளைக் கராத்தே உடுப்பில், கைகளை முழங்கை வரை மடித்துவிட்டபடி நின்றாள். வாழைத்தோட்டத்திலிருந்து முன்னும் பின்னுமாக ஓடிவந்த இருவர் காலிலும் செம்மண் அப்பியிருந்தது.

“ஒருத்தரும் வரேல்லை மாமி.”

“என்னை என்ன பேய்ச்சி எண்டு நினைச்சியோ? பத்து நாளாய்க் கேக்கிறன். விடியப்புறத்திலை வாழைக்குள்ளை ஆம்பிளைக் குரல். ‘யோய்’ எண்டுறான். ‘ஹஜிமே’ எண்டுறான். இச்சி, நி, சான் எண்டு என்னவோ எண்ணுறான். நீயும் ‘ஓஸ், ஓஸ்’ எண்டு குழையிறாய். என்ன பாஷையடி அது?”

“யப்பான் பாஷை மாமி. யோய் எண்டால் ஆயத்தம். ஹஜிமே எண்டால் தொடங்கு. இச்சி, நி, சான் எண்டால் ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஓஸ் எண்டால் ஓம், சரி எண்டு மரியாதையாய்ச் சொல்லுறது. கராத்தேக்குப் புதுசாய் வாற ஆக்களுக்கு முதல் முதல் பழக்கிறது உதுதான்.”

“ஆர் பழக்கிறது?”

உதயகலா குனிந்து காலிலிருந்த செம்மண்ணைத் தட்டினாள்.

கராத்தே என்ற பேச்சு எடுத்தாலே செல்வநாயகிக்கு நெஞ்சில் முள் தைக்கும். அவளுடைய ஒரே மகன் வாகீசன் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அதைத்தான் பழக்கிக்கொண்டிருந்தான். கலியாணம் முடிந்த கையோடு மனைவிக்கும் பழக்க ஆசைப்பட்டான். ‘குடும்பப் பெண் காலைத் தூக்கி உதைக்கிறதோ? நான் இருக்குமட்டும் இந்த வளவுக்குள்ளை அது நடவாது’ என்று ஒரே போடாகப் போட்டவள் செல்வநாயகி. அவனுடைய வகுப்பை அவள் ஒருநாளாவது எட்டிப் பார்த்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன் கொடிகாமத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிளை லொறி அடித்தது. அவனுடைய முதல் வருஷ ஆட்டைத் திவசம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் இந்தக் கூத்து!

“அவனோடை திரிஞ்ச டிலக்ஷனோ?”

“டிலக்ஷன் கட்டாருக்குப் போய் ஆறு மாசம் மாமி.”

“அப்ப ஆர்? எங்கையோ கேட்ட குரல்தான். ஊருக்குள்ளை இருக்கிறவன்தான் ஆரோ. காதுக்குள்ளை கதைக்கிற மாதிரி அவ்வளவு கிட்டக் கேக்குது. வந்து பாத்தால் நீ மட்டும் நிக்கிறாய், அவன் மாயமாய் மறைஞ்சிடுறான்!”

கத்திய கத்தில் செல்வநாயகிக்கு இருமல் வந்தது. பத்து நாளாகவே தொண்டை கரகரத்துக் கிடக்கிறது. விடியற்காலைப் பனியில் வாழைக்குள் நின்றால் தொண்டை வேறு என்ன செய்யும்? கொத்தமல்லி அவித்துக் குடித்தும் பலனில்லை.

“ஆரெண்டு கேக்காதேங்கோ மாமி,” என்றாள் உதயகலா. “சொன்னால் அது நிண்டுபோயிடும். எனக்கு அது வேணும்.”

“வேணுமாமே! என்ரை பிள்ளையின்ரை சாம்பல் ஆற முதல் உனக்கு இன்னொருத்தன் வேணுமோ? சொல்லாட்டில் விடு. தம்பியை வாழைக்குள்ளை ஒளிச்சிருக்கச் சொன்னனான். கையும் களவுமாய்ப் பிடிச்சுக்கொண்டு வருவான்.”

உதயகலா தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இணுவிலில் இருக்கும் தம்பி சீவரத்தினம், கிராம சேவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ வீட்டு வழக்குகளைத் தீர்த்து வைத்தவர். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் இப்போது தோட்டத்துப் பக்கமிருந்து மெல்ல நடந்து வந்தார். நன்றாக வெளித்த பிறகும் கையில் டோர்ச் எரிந்துகொண்டே இருந்தது. படியேறாமல் முற்றத்திலேயே நின்றார்.

“தம்பி, ஆளைக் கண்டியோ?”

“கண்டனான்.”

“பிடிச்சியோ?”

சீவரத்தினம் உதயகலாவைப் பார்த்தார். அவள் கைகூப்பினாள். “மாமா, உங்களைக் கும்பிட்டன். சொல்லாதேங்கோ.”

“பொத்தடி வாயை! தம்பி, நீ சொல்லு. இண்டைக்கே உவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பவேணும்.”

“அவளை ஒரு இடமும் அனுப்பவேண்டாம் அக்கா.” சீவரத்தினம் டோர்ச்சை அணைத்தார். “நான் நாலரைக்கே போய்க் கிணத்தடியிலை ஒளிச்சிட்டன். முதல் கலா வந்தவள். கொஞ்ச நேரத்தாலை மற்ற ஆள் வந்துது. ‘ஹஜிமே’ எண்டு சொல்லிச்சுது. அவள் குத்தேக்கை, முழங்கையைப் பிடிச்சுத் திருத்திவிட்டுது. எனக்குக் கை கால் ஓடேல்லை. அக்கா, அது எங்கடை வாகீசன்ரை குரல்.”

செல்வநாயகிக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆசை வந்தது.

“என்ரை பிள்ளையோ? என்ரை பிள்ளை வந்தவனோ? அவ்வளவு கிட்ட நிண்டும் பெத்த தாய்க்கு ஏன் முகத்தைக் காட்டேல்லை?”

“முகத்துக்கு நேரை டோர்ச் அடிச்சுப் பாத்தனான் அக்கா. வந்தது அவன் இல்லை.” சீவரத்தினம் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “வாழைக்குள்ளை நிண்டது ரெண்டே ரெண்டு பேர். கலாவும் நீங்களும்.”

‘உனக்கென்ன விசரோ?’ என்று கேட்கத்தான் செல்வநாயகி வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து ஓர் ஆண்குரல் மெதுவாக, அன்பாக வந்தது.

“அம்மாவை வெருட்டாதேங்கோ, மாமா.”