முதுகுப்பலகை

தேவநாதன் பெட்டியைப் பிரித்ததும் புத்தக அலமாரியின் பலகைகள் கூடத்துத் தரையில் வந்து விழுந்தன. தடித்த பக்கப்பலகை, அலமாரியின் முதுகில் வைத்து ஆணியடிக்க வேண்டிய மெல்லிய பலகையை ஏற இறங்கப் பார்த்தது.

"அப்பளம் மாதிரி இருந்துகிட்டு நீ எதைத் தாங்கப் போற?"

"நான் எதையும் தாங்க மாட்டேண்ணே. நீங்க சாயாம பிடிச்சுக்குவேன்" என்றது முதுகுப்பலகை.

மற்ற பலகைகளையெல்லாம் திருகாணி முடுக்கி நிறுத்துவதற்குள் தேவநாதனுக்கு இடுப்பு விட்டுப்போனது. "சுகந்தி, பின்னாடி சுவர்தானே? யார் பார்க்கப் போறாங்க!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, முதுகுப்பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

புத்தகங்களை அடுக்கியதும் அலமாரி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"நான் நேராத்தான் நிக்கிறேன். தரைதான் கோணல்" என்றது பக்கப்பலகை. தேவநாதனும் சுகந்தியிடம் அதையேதான் சொன்னார்.

பிறகு கட்டிலுக்கடியில் கையை விட்டார். 'அப்பாடா, இப்பவாவது ஞாபகம் வந்துச்சே' என்று முதுகுப்பலகை பூரித்துப்போனது. அவர் அதன் மூலையில் ஒரு துண்டை ஒடித்து, அலமாரியின் காலுக்கடியில் செருகினார்.

பக்கப்பலகை சாய்ந்தபடியே கீழே குனிந்து பார்த்தது.

"கவலைப்படாத. எப்படியோ சொல்லி உனக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்துட்டேன்."